வரி கட்ட வேண்டியிருக்குமா, ரீஃபண்ட் வருமா? முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க

இங்கே சொல்லியிருப்பது 2025-26 நிதியாண்டுக்கானது. அதாவது ஏப்ரல் 1, 2025 முதல் மார்ச் 31, 2026 வரை வந்த வருமானம். இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களை மனத்தில் வைத்து எழுதியது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பல விதிகள் மாறும். ஏப்ரல் 1, 2026 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும், இந்த ஆண்டின் வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான். பிரிவு எண்கள் எல்லாம் அதிலிருந்தே.

அடிப்படையில் இந்தக் கணக்கு என்ன?

வெறும் கழித்தல் கணக்கு. ஆண்டு முழுக்க வந்த எல்லா வருமானத்தையும் சேர்த்தால் சட்டப்படி எவ்வளவு வரி என்பது ஒரு தொகை. உங்கள் பான் எண்ணில் ஏற்கெனவே அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் வரி இன்னொரு தொகை. முதலாவது பெரிதாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும், இரண்டாவது பெரிதாக இருந்தால் அது ரீஃபண்டாக வரும்.

ரீஃபண்ட் வருகிறவர் குறைவாக வரி கட்டியவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு லட்சம் வரி கட்டியவருக்கும் ரீஃபண்ட் வரலாம். ஐயாயிரம்தான் வரி என்பவருக்குப் பாக்கியும் இருக்கலாம்.

மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அப்புறம் பாக்கி எப்படி வரும்?

வரி பிடிக்கும் ஒவ்வொருவரும் உங்கள் வருமானத்தில் ஒரு துண்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். அலுவலகத்துக்குத் தெரிவது சம்பளம். வங்கிக்குத் தெரிவது அந்த வங்கியில் இருக்கும் டெபாசிட்டின் வட்டி. உங்களிடம் வேலை வாங்கும் வாடிக்கையாளருக்குத் தெரிவது அவர் கொடுத்த கட்டணம். எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான், அதுவும் ஆண்டு முடிந்த பிறகு.

வரி விகிதம் ஏறு வரிசையில் இருப்பதால் துண்டுதுண்டாகப் போட்ட கணக்கும் சேர்த்துப் போட்ட கணக்கும் ஒத்துப்போவது அபூர்வம். பாக்கி, ரீஃபண்ட் இரண்டும் பிறக்கிற இடம் இதுதான். கீழே வரும் பெரும்பாலான கேள்விகள் இதே சங்கதியின் வேறு வேறு முகங்கள்.

கணக்குப் போட என்னென்ன வேண்டும்?

சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி அலுவலகம் தரும் ஃபார்ம் 16, ஃபார்ம் 26ஏஎஸ், ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை, வங்கிகள் தரும் வட்டிச் சான்றிதழ். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்றிருந்தால் புரோக்கர் தரும் லாப நட்டக் கணக்கு.

26ஏஎஸ்ஸும் ஏஐஎஸ்ஸும் வருமான வரி இணையதளத்திலேயே கிடைக்கும். எவ்வளவு வரி போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு 26ஏஎஸ்ஸைப் பாருங்கள். எந்தெந்த வருமானம் துறையின் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கு ஏஐஎஸ். ஆனால் ஏஐஎஸ்ஸில் இருப்பதெல்லாம் வேதவாக்கு இல்லை. ஒரே வட்டி இரண்டு முறை பதிவாகியிருக்கலாம், கூட்டுக் கணக்கின் வட்டி முழுவதும் ஒருவர் பெயரில் வந்திருக்கலாம். தவறு என்றால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது.

ஏப்ரல் மாதத்திலேயே அவசரப்பட்டு 26ஏஎஸ்ஸைப் பார்த்துப் பதறாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான கணக்கை அலுவலகமும் வங்கியும் தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் உண்டு. ஃபார்ம் 16 தர ஜூன் 15 வரை. ஜூன் இரண்டாம் பாதியில்தான் படம் முழுமையாகும். அதற்கு முன் போடும் கணக்கு மதிப்பீடுதான், அதுவே பல நேரம் போதும்.

சரி, வரியை எப்படிக் கணக்கிடுவது?

இப்போது புதிய வரி முறைதான் இயல்பானது; பழையது வேண்டும் என்றால் நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. வரும் வரித்தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் எனும் கூடுதல் வரி. சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியதாரர்களுக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு.

ஒருவருடைய ஆண்டுச் சம்பளம் 15,00,000 என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு போக 14,25,000. 4 முதல் 8 லட்சம் வரையிலான பகுதிக்கு 20,000, அடுத்த நான்கு லட்சத்துக்கு 40,000, மீதி 2,25,000-க்கு 15 சதவீதம் என்று 33,750. மொத்தம் 93,750. செஸ் 3,750 சேர்த்தால் 97,500. அலுவலகம் சரியாகப் பிடித்திருந்தால் இந்தத் தொகை அப்படியே ஃபார்ம் 16-இல் இருக்கும். வேறு வருமானமே இல்லை என்றால் பாக்கியும் இல்லை, ரீஃபண்டும் இல்லை.

இப்போது இவருக்கு ஒரு வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் வட்டி 60,000 வந்தது என்று சேர்த்துப் பாருங்கள். வங்கி 10 சதவீதம், அதாவது 6,000 பிடித்துவிட்டது. ஆனால் அந்த 60,000 விழுவது 15 சதவீத அடுக்கில். வரி 9,000, செஸ்ஸோடு 9,360. ஆக 3,360 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும். “வங்கிதான் பிடித்துவிட்டதே” என்று விட்டுவிடுகிற இடம் இது.

12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே?

முழு உண்மை இல்லை. 87ஏ பிரிவின்படி, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி. வரி கணக்கிடப்பட்டு, பிறகு தள்ளுபடியாகிறது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவையும் சேர்த்தால் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரி வராது.

கொஞ்சம் தாண்டினால் மொத்தமும் தலையில் விழுமோ என்று பயப்பட வேண்டாம். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அடுக்கின்படி வரி 61,500 வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகையான 10,000-க்கு மேல் வரி கேட்க மாட்டார்கள். செஸ்ஸோடு 10,400. இந்தச் சலுகை ஏறத்தாழ 12,70,000 வரை பயன்படும், அதற்கு மேல் சாதாரணக் கணக்குதான்.

உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானங்களுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. ஒருவருக்குக் கழிவுகள் போகச் சம்பளம் 10 லட்சம். ஓராண்டுக்குள் வாங்கி விற்ற பங்குகளில் ஒரு லட்சம் லாபம். சம்பளத்துக்கான வரி தள்ளுபடியாகிவிடும். பங்கு லாபத்துக்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 20,800 கட்டியே ஆக வேண்டும். உள்நாட்டில் வசிப்பவர் பங்கு விற்றால் புரோக்கர் வரி பிடிப்பதில்லை என்பதால் இந்தத் தொகை முழுவதும் பாக்கியாக வந்து நிற்கும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கு என்றால் முதல் 1,25,000 லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

ஆண்டின் நடுவில் வேலை மாறினேன். எனக்கு என்ன வரும்?

பெரும்பாலும் பாக்கிதான். சில நேரம் மூச்சு முட்டும் அளவுக்கு.

முதல் ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் மாதம் 1 லட்சம். அடுத்த ஆறு மாதம் இன்னொன்றில் மாதம் 1,50,000. முதல் நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் என்று கணித்து, தள்ளுபடி வரம்புக்குள் வருகிறதே என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனம் தான் தரப்போகும் 9 லட்சத்தை மட்டும் பார்த்து அதுவும் பிடிக்கவில்லை. இருவரும் தனித்தனியே நிலையான கழிவும் தந்துவிட்டார்கள், 4 லட்சம் விலக்கும் தந்துவிட்டார்கள். உண்மையில் ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். மேலே பார்த்த அதே 97,500 வரி, பிடித்தம் பூஜ்யம்.

இத்தோடு முடியவில்லை. அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது ஆண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய வரி, கட்டாததற்கு 234பி பிரிவில் மாதம் 1 சதவீத வட்டி. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை என்றால் 3,900. அதன் தவணைகள் தவறியதற்கான 234சி வட்டி தனி.

தவிர்ப்பது சுலபம். புதிய இடத்தில் சேர்ந்ததும் ஃபார்ம் 12பி-இல் பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதிக் கொடுங்கள். பழைய சம்பளம் புதிய இடத்தில் தெரியக் கூடாது என்று சிலர் மறைப்பதுண்டு. அது உங்கள் விருப்பம். ஆனால் அப்படியானால் இந்தக் கணக்கை நீங்களே போட்டு, மார்ச் மாதத்துக்குள் வரியையும் நீங்களே கட்டிவிட வேண்டும்.

டெபாசிட்டை மூன்று வங்கிகளில் பிரித்துப் போட்டிருக்கிறேன். எங்கேயும் வரி பிடிக்கவில்லை. அப்படியானால் வரி இல்லைதானே?

இருக்கிறது. ஒரு வங்கி தரும் வட்டி ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால்தான் அது பிடிக்கும். 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு இந்த வரம்பு 1,00,000. இது பிடிப்பதற்கான வரம்பு மட்டுமே. மூன்று இடங்களில் தலா 40,000 வந்தால் 1,20,000 உங்கள் வருமானம். பிடித்தம் இல்லாததால் வரி முழுவதும் உங்கள் பொறுப்பு. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கிகள் வரி பிடிப்பதே இல்லை. அதையும் சேர்க்க வேண்டும். பழைய முறையில் இருந்த 10,000 ரூபாய் கழிவு புதிய முறையில் இல்லை.

அப்பா அம்மாவுக்கு வட்டி மட்டும்தான் வருமானம். வங்கி வரி பிடித்துவிட்டது.

ரீஃபண்ட் வரும். அப்பாவுக்கு ஒரே வங்கியில் வட்டி 1,80,000, வேறு வருமானம் இல்லை என்றால் அவருக்கு வரியே கிடையாது. வங்கி பிடித்த 18,000 முழுவதும் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் ரிட்டர்ன், அதாவது ஆண்டு வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்தால்தான் வரும். வருமானம் வரம்புக்குள் இருப்பதால் தாக்கல் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும்.

அடுத்த ஆண்டிலிருந்து இந்தச் சுற்று வேண்டாம் என்றால், வரி வராது என்று நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழி கொடுத்துவிடலாம். 2025-26 வரை அதற்கான படிவம் 60 வயதானவர்களுக்கு ஃபார்ம் 15ஹெச், மற்றவர்களுக்கு 15ஜி. 15ஜி தருபவருக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை: வட்டியின் கூட்டுத்தொகையும் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும். வங்கியில் பான் எண் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

சொந்தமாகத் தொழில் செய்கிறேன். கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்துவிட்டுத் தருகிறார்கள்.

பெரிய ரீஃபண்ட் வர வாய்ப்புள்ள ஆள் நீங்கள்தான். பிடிப்பது மொத்தக் கட்டணத்தின் மேல். வரி விழுவது செலவு போக மிஞ்சும் வருமானத்தின் மேல்.

கட்டட வடிவமைப்பாளர் ஒருவர் ஆண்டில் 9,00,000 கட்டணம் வாங்குகிறார். பிடித்தம் 90,000. 44ஏடிஏ பிரிவில் வந்தால், கணக்குப் புத்தகம் வைக்காமலேயே வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 4,50,000. அதற்கு வரி 2,500, அதுவும் தள்ளுபடியாகிவிடும். வேறு வருமானம் இல்லாவிட்டால் 90,000 முழுவதும் ரீஃபண்ட்.

மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டட வடிவமைப்பு, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போல அறிவிக்கப்பட்ட தொழில்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரிவு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை. உண்மையான லாபம் பாதிக்கு மேல் இருந்தால் உண்மையான தொகையைக் காட்டுவதுதான் முறை. ‘பாதி காட்டினால் போதும்’ என்று வாய்ப்பாடு மாதிரி சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அலுவலகம் புதிய முறையில் பிடித்துவிட்டது. தாக்கல் செய்யும்போது பழைய முறைக்கு மாறினால் ரீஃபண்ட் வருமா?

மாறலாம். தொழில் வருமானம் இல்லாதவர் ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்தெடுக்கலாம். உரிய தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தாமதமானால் புதிய முறைதான்.

ரீஃபண்ட் வருமா என்பது வேறு கேள்வி. 15 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையின் 93,750 வரியைப் பழைய முறையில் தொட வேண்டுமென்றால், 50,000 நிலையான கழிவு போக இன்னும் 5,43,750 ரூபாய்க்குக் கழிவுகள் வேண்டும். சேமிப்பு, முதலீடுகளுக்கான 80சி-இல் 1,50,000, வீட்டுக் கடன் வட்டியில் 2,00,000, மருத்துவக் காப்பீட்டில் 25,000 எல்லாம் முழுசாகப் போட்டாலும் 3,75,000தான். மீதியை வாடகைப்படி நிரப்பினால் உண்டு. சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு வீட்டுக் கடனும் கட்டுகிறவருக்கு இந்த வருமானத்தில் பழைய முறை பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

பிடித்தத்தில் நாம் மறந்துவிடுவது எது?

விற்பவர் வசூலித்த வரி, அதாவது டிசிஎஸ். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் வாங்கினால் 1 சதவீதம் வசூலித்திருப்பார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினாலும் வசூலிப்பார்கள். இதைக் காரின் விலையோடும் பயணச் செலவோடும் சேர்த்து மறந்துவிடுகிறோம். இது உங்கள் வரிக்கு முன்பணம்தான். 26ஏஎஸ்ஸில் இருக்கும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

பாக்கி வரும் என்று தெரிந்துவிட்டது. எப்போது கட்டுவது?

பிடித்தம் போக மீதி வரி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் ஆண்டுக்குள்ளேயே அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். 44ஏடிஏ-இல் வருபவர்கள் மார்ச் 15-இல் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கட்டாயமே இல்லை.

ஆண்டு முடிந்துவிட்டால் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டிவிட்டு ரிட்டர்ன் போடுங்கள். ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டாம். 234பி வட்டி மாதக் கணக்கில் ஏறும், ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம்.

எளிய வழி ஒன்றும் இருக்கிறது. வட்டி போன்ற மற்ற வருமானத்தை ஃபார்ம் 12பிஏஏ-இல் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், சம்பளத்திலேயே சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். வேறு இடத்தில் பிடித்த வரியும் கார் டிசிஎஸ்ஸும் இதில் எழுதலாம்.

பெரிய ரீஃபண்ட் வந்தால் நல்லதுதானே?

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆண்டு முழுக்க அரசிடம் கிடந்த உங்கள் பணம் அது. உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டி தருவார்கள்; ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அதுவும் இல்லை. ஏப்ரலுக்கு முந்தைய மாதங்களுக்கு எதுவும் கிடையாது. கிடைக்கும் வட்டியும் அடுத்த ஆண்டின் வருமானம், அதற்கும் வரி உண்டு. கையில் நிற்காத பணம் இப்படியாவது சேர்கிறதே என்று சிலர் சொல்வார்கள், அது அவரவர் மனசு.

“உங்களுக்கு 60,000 ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், 10 சதவீதம் கொடுங்கள்” என்கிறார் ஒருவர்.

உங்கள் கணக்கில் அந்த 60,000 எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்காத வாடகை, தராத நன்கொடை, இல்லாத நோய்ச் செலவு ஆகியவற்றை எழுதித்தான் வர வேண்டும். பிடிபட்டால் வரி, வட்டியோடு அந்த வரியின் இரு மடங்கு அபராதம் வரை போகும். கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார். ஏற்கெனவே இப்படிச் செய்துவிட்டவர்களுக்கு, திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் முடிந்திருந்தாலும் புதுப்பித்த ரிட்டர்ன் என்ற வழி இருக்கிறது. கூடுதல் வரியோடு சரிசெய்யலாம். ஆனால் புதிதாக ரீஃபண்ட் கேட்க அந்த வழி உதவாது.

கணக்குப்படி ரீஃபண்ட் இருக்கிறது, வரவில்லையே?

முதலில் ரிட்டர்னை 30 நாட்களுக்குள் ஈ-வெரிஃபை செய்தீர்களா, அதாவது உங்களுடையதுதான் என்று இணையத்தில் உறுதிசெய்தீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை. அடுத்து, வங்கிக் கணக்கு இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா. பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்துகிறதா. பானும் ஆதாரும் இணையாமல் பான் செயலிழந்திருந்தாலும் பணம் வராது.

பழைய ஆண்டு ஏதாவதொன்றில் வரி பாக்கி இருப்பதாகத் துறையின் பதிவில் இருந்தால், அதில் கழிக்கப்போவதாக 245 பிரிவில் முதலில் அறிவிப்பு வரும். ஒத்துக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று குறிப்பிட்ட நாளுக்குள் இணையதளத்தில் பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள். ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பும் வந்ததும் திறந்து படியுங்கள். நீங்கள் போட்ட எண்ணும் அவர்கள் போட்ட எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வித்தியாசம் எந்த இடத்தில் என்று அங்கேயே தெரிந்துவிடும்.